பாதி வரமிளகாய்

— அத்தை, அடுப்புக்கிட்ட நிக்காதீங்க. வரமொளகா நெடி மூக்குல ஏறுமுங்க.

— ஏறட்டும் கண்ணு. கொடுமுடியில இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்தது சேர்ல உக்கார்றதுக்கா? என்ற மவனுக்கு இன்னிக்கு வருசம் கும்புடறோம். நானும் ஒரு கை போடறேன். என்ன செய்யோணும், சொல்லு.

— அப்ப இந்தச் சின்ன வெங்காயத்த உரிச்சுக் குடுங்க. கறி பாதி வெந்துருச்சுங்க.

— ஏனம்மணி, பன்னிக்கறிக்கு எண்ணெயே ஊத்த மாட்டியா?

— அரைக்கரண்டி போதுமுங்க. கொழுப்பு உருகி அதுலயே வெந்துக்கும். மஞ்சத்தூளு, உப்பு, வெங்காயம், வரமொளகா. எறக்கறப்ப பல்லுப்பல்லாக் கீறின தேங்காய். மல்லித்தூள் கூடப் போடறதில்லீங்க.

— நம்மூரு கோழி வறுவலாட்டவே இருக்குது.

— அவரும் அதையேதானுங்க சொன்னாரு. மொதமொதல்ல எங்கப்பன் ஊட்டுல தின்னப்ப.

— சின்னான் ஊட்டுலயா? மனோஜா? எப்ப?

— காலேஜ் படிக்கறப்பங்க. எங்கப்பன் உங்க மஞ்சக்காட்டுல தண்ணி கட்டிட்டிருந்தாரு. அப்ப எங்க கலியாணப் பேச்சே இல்லீங்க.

— திருட்டுப்பய! ஒருக்கா அவன் சட்டையில நெடி அடிச்சுது. என்னடான்னு கேட்டா, மூலமுங்கம்மா, அதுக்குப் பன்னிக்கறி திங்கச் சொல்லி டாக்டரு சொன்னாருன்னான்.

— மூலமா? அவருக்கா?

— எங்கூரு ஆம்பளைங்க பாதிப்பேருக்கு மாசத்துல ஒருக்கா மூலம் வந்துரும் கண்ணு. தோட்டத்துச் சாளையில ஆக்கித் தின்னுபோட்டு, சட்டிய அங்கயே கவுத்து வெச்சுட்டு வருவாங்க. ஊட்டுக்குள்ள மட்டும் கொண்டார மாட்டாங்க.

— அய்யோ அத்தை, சிரிப்பு வருதுங்க. இந்த ஊட்டுல சிரிச்சு ஒரு வருசமாச்சு.

— சிரி கண்ணு, சிரி. நீங்க கலியாணம் பண்ணிக்கிட்டு மூணு வருசம் இந்த ஊட்டுல இருந்தீங்க. நான் எட்டிக்கூடப் பாக்கலை. அவன் போயி ஒரு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் படி மிதிக்கறேன். உன்னையப் பாக்கறதுக்கே கூச்சமா இருக்குது.

— அதெல்லாம் இப்ப எதுக்குங்க அத்தை.

— உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். அதுக்குத்தான் வந்தேன். கறி வேவட்டும், அப்பறம் கேக்கறேன். மொளகா எத்தனை கிள்ளி வெச்சிருக்கே?

— பதினஞ்சுங்க. விதையத் தட்டிப்போட்டேன்.

— ஒரு கிலோ கறிக்குப் பதினஞ்சு எந்த மூலைக்கு? கோழிக்கே முப்பது போடச் சொல்லி நிப்பான் அவன். போடு, இன்னும் ஒரு பிடி போடு.

— நானும் எப்பவும் முப்பதுதானுங்க போடுவேன். பாதி போதும்னு அவரேதான் சொன்னாரு.

— மனோஜா சொன்னான்? வயித்துக்குச் சேரலையா?

— இல்லீங்க. அவரு கடைசியாச் சொன்னது அதுதானுங்க. கொஞ்சம் கிளறி உடுங்க அத்தை, அடிப்பிடிச்சுரும்.

— ம். வாசம் வந்துருச்சு. எலை போட்டுரலாமா? போட்டோவுக்கு நான் கொண்டாந்த பூவை வெய்யி.

— வெச்சுட்டேனுங்க. கறிய இதுல எடுத்து வெச்சுக் கும்புடலாமுங்களா?

— இது... அந்தத் தூக்குப்போசியா?

— அதேதானுங்க. அன்னிக்கு லாரி இடிச்சப்ப வண்டியில மாட்டியிருந்தது. ஸ்டேஷன்ல குடுத்தாங்க. மூடி மட்டும் நெளிஞ்சிருக்குது. நீங்க கழுவிக் குடுத்த போசின்னு நான் வேற எதுக்கும் எடுக்கறதே இல்லீங்க.

— அத அக்கட்ட வெய்யி.

— ஏனுங்க அத்தை? உங்களுக்குன்னு நான் ஆக்கி அனுப்புனதுங்க. நீங்க சாப்புட்டுக் கழுவிக் குடுத்தீங்க. இத நெனச்சுத்தான் நான் தெம்பா இருக்கேன்.

— அக்கட்ட வெய்யின்னேன்! போசி வெறுமனே வந்துச்சேன்னு நீ யோசிக்கலையா? யாராச்சும் வெறும் போசியத் திருப்பிக் குடுப்பாங்களா? ரெண்டு அச்சுவெல்லமாவது போட மாட்டாங்களா?

— யோசிச்சேனுங்க. மவனைப் பாத்த சந்தோசத்துல மறந்திருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

— மறக்கலை அம்மணி. நான் அந்தப் போசியத் தொடவே இல்ல.

— என்னங்க அத்தை சொல்றீங்க?

— மூணு வருசம் கழிச்சு வந்தான். வாசல்ல நின்னு, கயலு உங்களுக்குன்னு ஆக்குனதுங்கம்மா, ஒரு வாய் தின்னு பாருங்கன்னான். சின்னான் மவ ஆக்குன பன்னிக்கறி என்ற ஊட்டுப்படி தாண்டக்கூடாதுன்னுபோட்டேன். இந்த வாய்தான் சொல்லுச்சு.

— அத்தை...

— எதுத்து ஒரு பேச்சுப் பேசலை. வேலியோரம் போயி நாய்க்குக் கொட்டுனான். மாட்டுத்தொட்டிப் பைப்புல அவனே கழுவுனான். ஒரு வாய் தண்ணி கூடக் கேக்கலை. நான் கொண்டுபோய்க் குடுத்திருக்கோணும். கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருந்தேன். யாருகிட்டயோ போன்ல பேசுனான். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். அரைமணி நேரங்கூட ஆவலை...

— அழுவாதீங்க அத்தை. கைய எடுங்க, சட்டி சுட்டுரும்.

— சுடட்டும். கறியப் பாத்து அழுவறதுக்கு ஒரு வருசம் கழிச்சு வந்திருக்கேன் பாரு. கயலு, அந்தப் போனு உனக்குத்தானா?

— எனக்குத்தானுங்க.

— அதக் கேக்கத்தான் கண்ணு நான் வந்தேன். ஒரு வருசமாத் தூக்கமில்ல. என்னையத் திட்டுனானா? அழுதானா? இனி அந்த ஊட்டுப் பக்கமே போவ மாட்டேன்னானா? எதுன்னாலும் மறைக்காமச் சொல்லு. நான் தாங்கிக்கறேன்.

— சிரிச்சுட்டேதானுங்க பேசுனாரு.

— என்ன சொன்னான்?

— “எங்கம்மா போசிய வழிச்சுத் தின்னுட்டாங்க கயலு, காரம் மட்டும் கொஞ்சம் சாஸ்தியாம், அடுத்தவாட்டி மொளகாயப் பாதியாக் கொறைச்சுப் போடு”ன்னாருங்க.