காதுக்கு இதமான ஹெட்ஃபோன்

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பெட்டியோட நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குறாங்க, மச்சான். மேசைக்குப் பொருத்தமா இருக்கான்னு பார்ப்பாங்க, முன்னாடி விளக்கு எரியுதான்னு பார்ப்பாங்க, கடைசியா போனாப் போகுதுன்னு ஒரு பாட்டைப் போடச் சொல்லுவாங்க. இருபத்திரெண்டு வருஷமா அதே கடையில நிக்கறேன், ஒருத்தர் மேலயும் எனக்குக் கோபம் வந்தது கிடையாது. அவங்களைத் திருத்தறது என் வேலை இல்ல. அவங்களுக்கு ஏத்ததை எடுத்துக் கொடுக்கறதுதான் என் வேலை.

உட்காருங்க. உங்க தங்கச்சியோட துணிமணியை நானே மடிச்சு ரெண்டு பையில வச்சுட்டேன், நீங்க தேடி அலைய வேண்டாம். என்னதான் நடந்துச்சுன்னு கேட்டதுக்கு, "அவரையே கேளுண்ணா"ன்னு மட்டும் சொன்னாளாமே. நல்லதாப் போச்சு. அவ சொல்லியிருந்தா அழுதுட்டே சொல்லியிருப்பா, உங்களுக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கும். நான் நிதானமா சொல்றேன்.

கடைக்கு யார் வந்தாலும் நான் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான். பாட்டு கேக்கவா, வேலை பார்க்கவா? ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாட்டு கேக்கறவங்களுக்குக் கொடுக்கற ஹெட்ஃபோன் கொஞ்சம் முகஸ்துதி பண்ணும். பேஸை, அதான் அந்தத் தும்தும்முங்கற அடிச்சத்தத்தை, ஒரு பிடி கூட்டிக் காட்டும். கீச்சுன்னு உறுத்தறதையெல்லாம் மழுப்பி விட்டுடும். எதைப் போட்டாலும் சொகமா இருக்கும். குரல் பதிவு பண்றவங்களுக்குக் கொடுக்கறது வேற ரகம். அது உள்ளதை உள்ளபடி சொல்லும். நீங்க மூக்கை உறிஞ்சினா, உறிஞ்சினதாவே கேக்கும். கொஞ்ச நேரத்துல காது களைச்சுப் போயிடும், ஆனா பொய் சொல்லாது.

உங்க தங்கச்சிகிட்ட மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? அவ எதுக்காக வாங்கச் சொல்றான்னு எனக்குத் தெரியுமே.

பார்வை இல்லாதவங்களுக்காகப் புத்தகங்களை வாசிச்சுப் பதிவு பண்ணித் தர்ற நிறுவனம் ஒண்ணு இருக்கு, உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. வேற ஊர்ல இருக்கு. நம்ம வீட்டுலயே மாதிரிக்கு ஒரு பதிவு பண்ணி அனுப்பணும். பிடிச்சுதுன்னா ஆறு மாசம் அங்கேயே தங்க வச்சுச் சொல்லிக் கொடுத்து, வேலையும் போட்டுக் கொடுப்பாங்க. இவளுக்கு அது மேல அப்படி ஒரு பைத்தியம். பள்ளிக்கூடத்துல காலையில செய்தி வாசிக்க இவளைத் தவிர யாரையும் மேடை ஏத்த மாட்டாங்களாமே, நீங்கதான் கல்யாணத்துக்கு முன்னாடியே பெருமையா சொன்னீங்க. நான் ஒண்ணும் ஏமாந்து கட்டிக்கல.

அவளுக்காகச் சின்ன அறையைக் காலி பண்ணேன். ஜன்னலுக்குக் கம்பளி மாட்டினேன், கதவு இடுக்குல துணி ஒட்டினேன், ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சதுதான். மைக் அருமையான மைக். அதுல ஒரு குறை சொல்லுங்க, என் தலையில குட்டுங்க. மைக்குல நான் கை வைக்கவே இல்ல.

ஹெட்ஃபோன் வாங்கறதுலதான் ரொம்ப மெனக்கெட்டேன். அவ கண்ணாடி போடறவ, காதுக்குப் பின்னாடி அழுத்தக் கூடாது. பஞ்சு மெத்துன்னு இருக்கணும். அப்படி ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன். கடையிலேயே அதைப் போல முகஸ்துதி பண்ற ஹெட்ஃபோன் வேற இல்ல. அதைப் போட்டுக்கிட்டு தன் குரலைக் கேட்டா, "என்னங்க, என் குரல் இவ்வளவு கட்டையாவா இருக்கு?"ன்னு கேப்பா. உடனே கம்ப்யூட்டர்ல பேஸைக் குறைப்பா. எழுத்து தெளிவாக் கேக்கலையேன்னு கீச்சைக் கூட்டுவா. அவ காதுக்குத் தேனா இருக்கும். அந்தப் பக்கம் கேக்கறவங்களுக்குத் தகர டப்பாவுல ஆணி உருட்டின மாதிரி இருக்கும், பின்னாடி உஸ்ஸுன்னு இரைச்சல் வேற. பாவம், அவ மேல ஒரு தப்பும் கிடையாது. தப்பான தராசுல சரியா நிறுத்தா, அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் கதை இன்னும் வேடிக்கை. உங்க தங்கச்சி லேசுப்பட்ட ஆளா என்ன? ஹெட்ஃபோன்ல கேட்டதோட விடமாட்டா, ஸ்பீக்கர்லயும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துத்தான் அனுப்புவா. அதனால ஹெட்ஃபோன் சொல்ற அதே பொய்யை, அதே அளவுல சொல்ற ஸ்பீக்கரா பார்க்க வேண்டியிருந்தது. மூணு வாரம் கடை சாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜோடியா மாத்தி மாத்திக் கேட்டேன், மச்சான். பதினொரு ஜோடி. முதலாளியம்மா கூட, "பொண்டாட்டிக்கு ஸ்பீக்கர் வாங்க இப்படி ஒருத்தர் மண்டையை உடைச்சுக்கறதை நான் பார்த்ததே இல்ல"ன்னு கேலி பண்ணாங்க. கொண்டு வந்து சுவர் மூலையில ஒட்டி வச்சேன். மூலையில வச்சா பேஸ் இன்னும் பொங்கும். வர்ற வாடிக்கைக்காரங்ககிட்டயெல்லாம் மூலையில வைக்காதீங்கன்னு சொல்றவன்தான் நான். ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னா யாருக்குச் சந்தேகம் வரும்?

மூணு வருஷத்துல அஞ்சு தடவை அனுப்பினா. அஞ்சு தடவையும் மரியாதையாத்தான் பதில் எழுதினாங்க. குரல் கூர்மையா இருக்கு, நீண்ட நேரம் கேக்க ஏத்ததா இல்ல, இப்படி. ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொன்னது யாரு? நான்தான். "அவங்களுக்குக் கேக்கத் தெரியலம்மா"ன்னு சொன்னேன். அதுல பொய் ஏதாவது இருக்கா, சொல்லுங்க.

மூணாவது தடவைக்கு அப்புறம் அவளுக்குத் தன் காது மேலயே சந்தேகம் வந்துடுச்சு. எனக்கு நல்லா இருக்கறது ஊருக்கெல்லாம் நல்லா இல்லைன்னா என் காதுலதான் கோளாறுன்னு ஒரே பிடிவாதம். கடைக்கு லீவு போட்டுட்டு நானே காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார வச்சுப் பார்த்தாங்க. ஒவ்வொரு சத்தத்துக்கும் கையைத் தூக்கிட்டே இருந்தா, வகுப்புல பதில் தெரிஞ்ச பிள்ளை மாதிரி. டாக்டரம்மா சிரிச்சுட்டு, "இருபது வயசுப் பிள்ளைங்களுக்குக் கூட இப்படிக் காது இருக்காது"ன்னாங்க. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கறப்போ, "அப்போ குரல்தாங்க"ன்னு சொல்லிட்டு அழுதா. ஆமான்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் செஞ்சேன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சாயங்காலம் நான் வந்து பழைய ரேடியோ எதையாவது பிரிச்சுப் போட்டு உட்காருவேன். அவ எதிர்ல உட்கார்ந்து ஒரு நாவலை வாசிப்பா. எனக்கு மட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மச்சான் நான் பகல் பூரா பல்லை இளிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தக் குரலை முன்னப் பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுன்னா எப்படி மனசு வரும்? ஆறு மாசம்னு சொல்லுவாங்க, அப்புறம் வேலைம்பாங்க. நான் ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு யார் முகத்தைப் பார்க்கறது? அவளை அடிச்சேனா, போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? ஊர்ல எத்தனை பேரு பொண்டாட்டியை வாசல்படி தாண்ட விடாம உருட்டி மிரட்டி வச்சிருக்கான். நான் ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனா ஒண்ணு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். நாலாவது பதில் வந்ததுக்கு அப்புறம் அவ எனக்கு வாசிக்கறதையும் நிறுத்திட்டா. பாதி நாவல் அப்படியே நிக்குது. "உப்பு போதுமா?", "கதவைச் சாத்துங்க", இவ்வளவுதான் பேச்சு. தொண்டையைத் திறந்தா அடுத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு நினைச்சுட்டா போல. எனக்கு அது ரொம்ப வருத்தம். யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன்?

அஞ்சாவது பதில்லதான் வம்பு வந்துச்சு. அங்க ஒலிப்பதிவு பார்க்கற யாரோ ஒருத்தர், வேலை மெனக்கெட்டு, கீழ ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார். நீங்க எதுல கேட்டுச் சரி பண்றீங்க, அதை ஒரு தடவை மாத்திப் பாருங்களேன்னு. போன வியாழக்கிழமை நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஸ்பீக்கர் மாட்டப் போயிருந்தேன். இவ அந்தப் பதிவைப் போன்ல எடுத்துக்கிட்டு நேரா எங்க கடைக்கே போயிட்டா. முதலாளியம்மா உள்ளதை உள்ளபடி சொல்ற ஹெட்ஃபோன் ஒண்ணை எடுத்து மாட்டி விட்டிருக்காங்க. ஒரு நிமிஷம் கூட கேக்கலையாம், கழட்டி வச்சுட்டாளாம். எதை வச்சு வேலை பார்க்கறீங்கன்னு கேட்டு, இவ அந்த ஹெட்ஃபோன் பேரைச் சொன்னதும், அவங்க சாதாரணமாத்தான் சொல்லியிருக்காங்க. "அது பாட்டு கேக்கறவங்களுக்குத் தர்றதாச்சே. உங்க வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாமே, எங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்"ன்னு.

நான் வீட்டுக்கு வந்தப்போ கூடத்துல உட்கார்ந்திருந்தா. சண்டை போடல. "தெரியாம வாங்கினீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. தெரியாமன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பா, மச்சான். ஆனா இருபத்திரெண்டு வருஷ அனுபவத்தைக் குறை சொல்லிக்க எனக்கு வாய் வரல. "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். எழுந்து போய் செருப்பைப் போட்டுக்கிட்டா. அவ்வளவுதான் நடந்தது.

உங்க வீட்டுல உட்கார்ந்து மறுபடியும் பதிவு பண்றாளாமே. பண்ணட்டும். இந்தத் தடவை எடுத்துக்குவாங்க, எழுதி வச்சுக்கங்க. அந்தக் குரலை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இதை நான் நம்பிச் சொல்லல, தெரிஞ்சு சொல்றேன்.

இன்னும் ஒரு விஷயம் அவளுக்கே தெரியாது. அஞ்சு தடவைன்னு அவளும் சொல்லுவா, ஏன்னா அவ கணக்குல முதல் தடவை அனுப்பினது போய்ச் சேரவே இல்ல. அப்போ இந்த ஹெட்ஃபோனும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. எதிர்வீட்டுக்காரங்ககிட்ட எதையோ இரவல் வாங்கிப் பதிவு பண்ணி அனுப்பினா. பதிலை எதிர்பார்த்து ரெண்டு மாசம், காலையில எழுந்ததும் முதல் வேலையா கம்ப்யூட்டரைப் போய்ப் பார்ப்பா. பதில் ஒன்பதாவது நாளே வந்துடுச்சு. அவ குளிக்கப் போயிருந்தா, நான்தான் பார்த்தேன். எடுத்துக்கிட்டோம், திங்கட்கிழமை வந்து சேருங்கன்னு எழுதியிருந்தாங்க. குடும்பச் சூழ்நிலையால வர இயலவில்லை, மன்னிக்கவும்னு அவ பேர்லயே பதில் எழுதிட்டு, ரெண்டையும் அழிச்சேன். அடுத்தவங்க பேர்ல பொய் எழுதற பழக்கம் நம்ம குடும்பத்துலயே கிடையாது. இன்னொரு தடவை அப்படி ஒரு பாவத்தைப் பண்ணக் கூடாதேன்னுதான், மறுநாளே கடையில நல்லதாப் பார்த்து அந்த ஹெட்ஃபோனை வாங்கிட்டு வந்தேன்.