இடம் வலம் மாறிய வாசல்

வயதையும் பாராமல், வெயிலையும் பாராமல் வாணியம்பாடியிலிருந்து வந்து இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் தாளாளர் அவர்களே! என்னை நானே அடையாளம் காண முடியாத அளவுக்குப் புகழ்ந்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை சம்பூர்ணம் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியோர்களே, திருச்சபை மூத்தோர்களே! தோலைப் பதமாக்கி, அதனால் இந்த ஆம்பூருக்குச் சோறும் பேரும் சேர்த்துத் தந்த சான்றோர்களே! ஷிப்டு முடிந்து, மாதனூருக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டு அடுப்பையும் மறந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் ஜன்னலோரம் நசுங்கி நிற்கும் என் நல்முத்துகளே! முப்பத்தொரு ஆண்டுகள் இந்தப் பள்ளியில் வரலாறு சொன்ன ஹெப்சியாகிய நான், ஓய்வு பெறப்போகும் இந்த 2007ஆம் ஆண்டில், உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தலைமையாசிரியை என்னைப் பற்றி மூன்று செய்திகள் சொன்னார். இணையத்தை இந்தப் பள்ளியின் வகுப்பறைக்குள் முதலில் கொண்டுவந்தவள் நான் என்றார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் செய்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் என்றார். அந்தப் பெருமையால்தான் நமக்குக் கணினி அறையே வந்தது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதலாவது உண்மை. மூன்றாவதும் உண்மை. நடுவில் இருப்பதைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன்.

நினைத்துப் பார்க்கிறேன், நெஞ்சம் இனிக்கிறது! அது இரண்டாயிரமாவது ஆண்டு. பதினோராம் வகுப்பு. இஸ்லாமியக் கட்டடக் கலை என்று ஒரு பாடம். என் கையிலிருந்த புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எது குவிமாடம், எது மேகம் என்று எனக்கே தெரியாது. அந்தக் கருமையைக் காட்டி, "கண்ணைக் கவரும் வேலைப்பாடு" என்று கூசாமல் நடத்திக்கொண்டிருந்தேன். எதிரே யார்? ஐந்து பள்ளிவாசல்களின் பாங்கோசை கேட்டு வளர்ந்த பெண்கள். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை கோயில் ஒன்றைத் தவிர வேறு வாசல் தெரியாது. என்ன துணிச்சல் பாருங்கள் எனக்கு!

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குர்ஷித் பாய் பிரவுசிங் சென்டர் திறந்தார். அதோ, பின்வரிசையில் சிரிக்கிறார். சிரியுங்கள் பாய், உங்களைப் பற்றியும் சொல்கிறேன். அந்த இயந்திரம் தொலைபேசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும் கத்தலை இன்றைய பிள்ளைகள் கேட்டதுண்டா? கீச்சென்று, கரகரவென்று, ஏதோ தொண்டை அடைத்தவரைப் போல! ஒரு வாரம் தட்டித் தேடிய பிறகு, கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளம் கிடைத்தது. இஸ்லாமியக் கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்தார்கள். வளைவுகளின் வகைகள், கட்டடத் தரைப்படங்கள், ஓடுகள், விளக்குகள், காலவரிசை, பாடக்குறிப்புகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு படம் இறங்க அரை மணி நேரம். மேலிருந்து கீழே, ஒரு விரல் அகலம், ஒரு விரல் அகலமாக வரும். குவிமாடம் வரும், கோபுரம் வரும், வாசல் வருவதற்குள் கரண்ட் போகும்! அதனால் எங்கள் வகுப்பில் வாசல் இல்லாத பள்ளிவாசல்கள் ஏழெட்டு இருந்தன. இந்த ஒரு கட்டடத்துக்காக மூன்று பேரை வெளியே காக்க வைத்திருப்பதாகக் குர்ஷித் பாய் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் எழுந்து போகச் சொன்னதில்லை.

அந்தப் படங்களைக் கலரில் அச்செடுத்து வகுப்பில் விரித்த நாளை எப்படி மறப்பேன்? நீலம் என்றால் அப்படியொரு நீலம்! கோடுகள் கூடிக் கூடி நட்சத்திரமாகி, நட்சத்திரங்கள் நெருங்கி நெருங்கித் தோட்டமாகி, தோட்டம் படர்ந்து சுவராகி நின்ற அழகை நாற்பத்தெட்டுப் பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த வருஷம் எது என்று கேட்டால், அந்த வருஷம்தான்.

அந்த மகிழ்ச்சியில்தான் மண்ணைப் போட்டேன். ஒரு பழைய பள்ளிவாசலின் வாசல் வளைவு. வளைவைச் சுற்றிப் பொன்னெழுத்து. அரபு எழுத்து எனக்கு ஓர் அலங்காரம், அவ்வளவே. அதன் அழகை வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பெஞ்சில் ஷஹீன் பானு என்ற பெண் கை தூக்கினாள். மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்றவள். "டீச்சர், இது பிஸ்மில்லா. ஆனா எழுத்து திரும்பி ஓடுது. படத்தையே இடம் வலமா மாத்திப் போட்டுட்டாங்க" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வா அம்மா, வந்து காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபாரின் யுனிவர்சிட்டில புரொஃபசருங்க போட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? அதிகப்பிரசங்கி, உட்காரு." வகுப்பே சிரித்தது. ஓதத் தெரிந்த மற்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள். அந்த எழுத்து அவர்கள் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் நாள். அந்தப் படம் சுவரில். ஷஹீனின் தாயார் நசீமுன்னிசா வந்தார். ஷூ கம்பெனியில் மேல்தோல் துண்டுகளை ஜோடி சேர்க்கும் வேலை அவருக்கு. மகள் வாங்கிய திட்டு அவருக்குத் தெரியாது. படத்தின் முன் நின்றார். யாரையும் கேட்காமல் குண்டூசியை எடுத்தார், தாளைப் பின்பக்கமாகத் திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இப்ப பாருங்க டீச்சரம்மா, சரியா வந்துடுச்சு. வலது கால் துண்டு இடது கால் கட்டுல கலந்துட்டா நாங்க இப்படித்தான் திருப்பிப் பார்ப்போம்" என்றார்.

மெல்லிய தாளின் வழியே வாசல் நேராக நின்றது. உண்மையும் நேராக நின்றது. நான்தான் நேராக நிற்கவில்லை.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பழைய ஃபிலிமைப் பின்பக்கமாக வைத்துப் பதிந்துவிட்டதாகவும், திருத்திவிட்டதாகவும் பணிவோடு பதில் வந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தார்கள்: பிழையைச் சுட்டியவர், ஆம்பூர் ஆசிரியை ஹெப்சி. அவர்கள் மேல் குற்றமில்லை, பெரியோர்களே. "நான் கவனித்தேன்" என்று எழுதியவள் நான். ஒரு சிறுமி சொல்லித் தெரிந்தது என்று எழுத என் விரல் வரவில்லை. பதில் கடிதம் ஊருக்குள் சுற்றியது. பாராட்டினீர்கள். கணினி கொடுத்தீர்கள். நீங்கள் பாராட்டப் பாராட்ட, சொல்ல வேண்டியது தொண்டைக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அவளிடம் மட்டும், தாழ்வாரத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நீ சொன்னது சரிதான் என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பரவால்ல டீச்சர். படம் சரியாய்ட்டா போதும்." அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்! அதன் பிறகு பிளஸ் டூ முடியும்வரை அந்தப் பெண் என் வகுப்பில் கை தூக்கவேயில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினாள், வணக்கம் சொன்னாள், கேள்வி மட்டும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டுப் பேர் முன்னால் அவமானப்படுத்தியதை, ஆளில்லாத தாழ்வாரத்தில் ஒப்புக்கொண்டு தீர்த்துவிட முடியுமா? முடியாது!

இனிமேல் கணினியின் முன் உட்காரப்போகும் செல்வங்களே! உலகத்துப் பள்ளிவாசல்களும் மாளிகைகளும் இன்று ஒரு நொடியில் உங்கள் முன் வந்து நிற்கும். பாருங்கள், பரவசப்படுங்கள். ஆனால் பெரிய இடத்திலிருந்து வந்தது என்பதற்காகவே நம்பிவிடாதீர்கள். இளம் ஆசிரியைகளே! படத்தைத் தருவது இணையம். அதைப் படிக்கத் தெரிந்த கண் உங்கள் மூன்றாம் பெஞ்சில் இருக்கலாம். அந்தக் கண்ணை நம்புங்கள். அறிவு கடல் கடந்த ஊரில் மட்டுமா இருக்கிறது? கம்பெனி பஸ்ஸில் வருவோரிடம் இல்லையா? எங்கே பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரோ, அங்கே அது இருக்கிறது!

சென்ற மாதம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்மை முழுவதையும் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் படத்தின் கீழே, பிழையைச் சுட்டியவர் ஷஹீன் பானு, பதினோராம் வகுப்பு மாணவி, ஆம்பூர் என்று இருக்கிறது. ஷூ கம்பெனியில் மாதிரி வரையும் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண், அரை நாள் விடுப்புப் போட்டுத் தன் தாயாரோடு இங்கே வந்திருக்கிறாள். ஓய்வு பெறும் டீச்சரை வாழ்த்தத்தான் வந்தாள். நான் இதைச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியாது.

அழாதீர்கள் நசீமுன்னிசா அம்மா. கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிடுகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட அவைக்கும், தவற்றைச் சொல்ல மேடை தந்த பள்ளிக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம் சொல்லி விடைபெறும் முன், ஊரறிய, ஒலிபெருக்கி அறிய, ஒரே ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஷஹீன் பானு, நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு அம்மா.