தொட்டிலுக்கு மேல் ஒரு கயிறு

ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று காதால் கேட்டும், ஒன்றும் சொல்லாமல் பேருந்திலிருந்து இறங்கிப்போனவன் நான். தம்பானூரில் ஏறிய இரண்டு திரைச்சீலைக்காரர்கள் என் முன்னிருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணாச்சி, அந்தக் கயித்த நெனச்சா பயமா இருக்கு.”

“எந்தக் கயிறுலே?”

“வலியசாலையில அந்தப் புது மாடிவீடு. சன்னல் மறைப்பு பிளைண்ட ஏத்தி எறக்குற கயிறு. அளவெடுக்கும்போ ரூம் காலியாத்தான கெடந்து? இன்னைக்கு மாட்டி முடிச்சுப் பாத்தா, சன்னலுக்குக் கீழ தொட்டில் போட்டிருக்காவ. புள்ள கைக்கு எட்டுற மாதிரி வளையமாத் தொங்குது.”

“டிசைனர் எழுதித் தந்த நீளந்தானலே?”

“கழுத்துல மாட்டுனா, டிசைனரா வந்து எடுப்பாரு?”

“மிண்டாம வாய மூடிட்டு இரு. தப்புன்னு சொன்னா மிச்ச சன்னல் வேலையும் போச்சு, கேட்டியா?”

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கரமனையில் இறங்கிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வலியசாலைக்குப் போய், விசாரித்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண், “இப்பதான் திரை மாட்டுனவங்கள்ல சின்னவர் வந்து கயித்தை வெட்டிட்டுப் போனார். உங்களுக்கு இது எப்போ தெரியும்?” என்று கேட்டாள்.

“நேற்று சாயங்காலமே” என்றேன்.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.