கருப்புத் தண்ணி

புசெய்னி: …மூட்டையில ஒண்ணும் இல்லக்கா. அழுக்குத் துணி.

அஜெலே: அழுக்குத் துணிக்கு இத்தன கயிறா? உன் ஊருக்கு, தமலே பஸ்சுக்குப் போற மூட்டை மாதிரில்ல இருக்கு.

புசெய்னி: ஊருல அம்மாவுக்கு உடம்பு…

அஜெலே: ஒரே அம்மாவ எத்தன வாட்டிதான்யா சீக்குல படுக்க வெப்ப? உக்காரு. தட்டப்பயறு போட்டு வாச்சே சோறு ஆக்கிக் கொண்டாந்திருக்கேன்.

புசெய்னி: கையக் கழுவுனீங்களா? நகமெல்லாம் கரி.

அஜெலே: கழுவுனாப் போற கரி இல்ல இது. சாப்பிடு.

புசெய்னி: சோத்து மேல கெடக்கறது… நம்ம லெட்டூஸ் கீரையா?

அஜெலே: உன் பாத்தியில பறிச்சது.

புசெய்னி: அத எடுத்துருங்கக்கா. நீங்களும் தின்னாதீங்க.

அஜெலே: ஏன், பரிசோதனையில தேறுன கீரை தொண்டையில எறங்காதா?

புசெய்னி: …என்ன சொன்னீங்க?

அஜெலே: தேறிடுச்சுப்பா. காலையில லேப்புலேருந்து போன் வந்துச்சு. கிருமியும் இல்ல, புழு முட்டையும் இல்லயாம். ஒரு பாத்தி கெட்டிருந்தாலும் எல்லாரையும் வெளியேத்திருவோம்னு மிரட்டுனாங்கல்ல நெலத்துக்காரங்க? இனி வாயத் தெறக்க முடியாது.

புசெய்னி: எல்லாப் பாத்தியுமா? கால்வாயோரம் இருக்கற என்னுதுமா?

அஜெலே: உன்னுதுந்தான்.

புசெய்னி: அல்லாவே… அப்ப இந்த மூட்டைக் கயித்த அவுத்துரலாங்கா.

அஜெலே: அதான் அப்பவே உக்காருன்னேன்.

புசெய்னி: இத்தன குடும்பமும் என்னால தெருவுக்கு வந்துரும்னு… மூணு நாளா தூக்கமில்ல.

அஜெலே: உன்னாலயா? நீ என்ன பண்ண?

புசெய்னி: திட்டக்கூடாது.

அஜெலே: திட்டறது அப்புறம். மொதல்ல சொல்லு.

புசெய்னி: உங்க கொட்டகையில சவ்வு வெச்சு வடிகட்டித் தர்றீங்களே… அந்தத் தண்ணிய நான் ஊத்தவே இல்ல.

அஜெலே: ம்.

புசெய்னி: கண்ணாடியாட்டம் வருது. அதுல என்ன சத்து இருக்கப் போவுது? தண்ணி கருப்பா இருந்தாத்தான் செடிக்குச் சோறுன்னு நாங்க கண்ணால பாத்துத்தான ஊத்துவோம்.

அஜெலே: சவ்வுல மாட்டறது கிருமிதான்யா. கரைஞ்ச சத்து அதுபாட்டுக்கு ஓடியாந்துரும்னு தொண்ட கிழியச் சொன்னேனே.

புசெய்னி: சொன்னீங்க. தலைய ஆட்டுனேன். விடியறதுக்குள்ள பூவாளிய எடுத்துக்கிட்டு, சாக்கடக் கால்வாய் ஓரத்துக் குழியில மொண்டு ஊத்திட்டு வந்துருவேன். நட்டதுலேருந்து அறுப்பு வரைக்கும்.

அஜெலே: எலையெல்லாம் அதான் அவ்வளவு கரும்பச்சையோ?

புசெய்னி: பின்ன? கருப்புத் தண்ணி பவரு அது. இந்த வாட்டி நாத்தங்கூடக் கம்மி… ஆனா எப்பிடிக்கா தேறுச்சு? அதான் புரியல.

அஜெலே: நீ நாத்து நடும்போதே உன் கண்ணு அந்தக் குழிப் பக்கம் போச்சு. பாத்துட்டேன். அன்னிக்கே கால்வாய்லேருந்து வர்ற வழிய அடைச்சு, சேத்த வாரி, சுண்ணாம்பு போட்டுக் கழுவி, கொட்டகைக் குழாய அதுக்குள்ள விட்டேன். நீ மொண்டதெல்லாம் நம்ம வடிகட்டுன தண்ணிதான்.

புசெய்னி: கத விடாதீங்க. தண்ணி கருப்பாத்தான இருந்துச்சு?

அஜெலே: இருக்காதா பின்ன? தெனம் சாயங்காலம் அடுப்புக் கரியப் பொடிச்சு நாந்தானே கலக்கி விட்டேன்.