பழைய வெளிச்சம்

அருமனை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மணப்பெண்ணின் அம்மாவும், அவள் ‘மைனி’ என்று கூப்பிட்ட அண்ணியும், மடி நிறைய ஜவுளிப் பைகளோடு.

“எனக்க மவ ஆராய்ச்சி பண்ணுத சுருள் கேலக்ஸியில இருந்து வெளிச்சம் இஞ்ச வந்து சேர கோடிக்கணக்குல வருசம் ஆவுமாம், மைனி. இப்ப நாம பாக்கது அதுக்க பழைய கோலமாம்.”

“இப்பம் எப்பிடி இருக்காம்?”

“ஆருக்கும் தெரியாதாம்.”

“நம்ம துபாய் மாப்பிளைக்க போட்டோ மாதிரின்னு சொல்லு. தல நெறைய முடி! எந்தக் காலத்துல கெளம்பின வெளிச்சமோ?”

“வீடியோ கால்ல பாத்தோம்லா?”

“தொப்பி போட்டுட்டுல்லா வந்தான்.”

“அங்க வெயிலு, மைனி.”

“வீட்டுக்குள்ளயா?”

அம்மா மடியில் சரிந்த ஒரு பையை நிமிர்த்தி வைத்தாள்.

“அவ்வளவு தூரத்துல உள்ளது எவ்வளவு சரிஞ்சிருக்கு, என்ன வேகத்துல சுத்துதுன்னு வெளிச்சத்த வச்சே கண்டுபிடிக்கியவ எனக்க மவ, மைனி.”

“தொப்பிக்குள்ள உள்ளத கண்டுபிடிக்க மாட்டாளாக்கும்!”

“சர்ச்சுல ரெண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. தடை உண்டான்னு கேட்டப்ப ஒருத்தரும் வாய் தொறக்கல்ல. ரெண்டு வாரமும் வெக்கப்பட்டு சர்ச்சுக்கே வராதவ, வாற ஞாயிறு மூணாவது ஓலைக்கு முன் பெஞ்சுல இருக்கணும்னு காலைல சொல்லுதா.”

மைனி பைகளை ஒருமுறை பார்த்தாள்.

“ஏட்டி, ஜவுளிக்கடை பில்ல மட்டும் தொலைச்சிராத.”