கடைசிப் பொத்தான் கறுப்பு

— மேல ஏறிப் பாத்துட்டேன் அக்கா. கடையோட கீழ் கன்டெய்னர், மேல் கன்டெய்னர் ரெண்டுலயும் சேத்து இருநூத்திச் சொச்சம் உருப்படி இருக்கு. ஏணியில அந்த மூணாவது படி இன்னும் கோணலாத்தான் இருக்கு. முட்டி பேந்துடுச்சு.

— அது எட்டு வருஷமா கோணல். வாங்கறவங்க நிமித்திக்கட்டும். மத்தியானம் தரகர் ஆளக் கூட்டிட்டு வர்றார். அதோட இந்தத் தகரப் பெட்டிக் கடைக்கும் எனக்கும் உறவு முடிஞ்சுது. எழுதி வச்சுக்கோ பெர்மெத்.

— எழுதிக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தப் போனக் கீழ வைங்க. கடை திறந்ததுல இருந்து எல்நூராவோட வீடியோப் பக்கத்தையேதான் பாத்துட்டு இருக்கீங்க.

— யாரு பாத்தா? மணி பாத்தேன்.

— மணி பாக்கறவங்க விரலால படத்தப் பெரிசாக்க மாட்டாங்க. நான் உங்க கொழுந்தன் பொண்டாட்டி, சால்கின் அக்கா. பதினோரு வருஷமா உங்க மூஞ்சியப் படிச்சுட்டு இருக்கேன்.

— படிச்சா தெரிஞ்சிருக்குமே. இதே வாசல்ல நின்னு எனக்குப் பொட்டலம் கட்டினவ அவ. பனியில கை விறைச்சுப்போய், என் கையுறையத்தான் போட்டுக்கிட்டா. இன்னைக்கு அவ போனத் திறந்தா எண்பதாயிரம் பேர் உக்காந்து பாக்கறாங்க. எனக்கு இந்த தொர்தோய் சந்தையில எதிர்க்கடைக்காரன் கூட நிமிந்து பாக்கறதில்ல.

— நீங்கதான அவள வேலைய விட்டு அனுப்பினீங்க?

— பொம்மைய உடைச்சா. அனுப்பினேன்.

— சட்டை மாட்டற பொம்மையோட சுண்டு விரல் உடைஞ்சுது.

— விரல் போனா பொம்மை போனதுதான்.

— வர்றவங்க எல்லாம் ‘எல்நூரா எங்க, எல்நூரா இன்னைக்கு வரலையா’ன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் விரல் உடைஞ்சுது.

— உனக்கு டீ வேணுமா? அதோ தள்ளுவண்டிக்காரி வர்றா. ஏம்மா, பால் டீ ரெண்டு, சம்சா ரெண்டு. காசு அப்புறம் வாங்கிக்க. இன்னும் போணி ஆகல, கல்லாவுல இருந்து ஒரு சோம் காசு கூட வெளிய போகக் கூடாது.

— அவளுக்குத் தெரியாதா, தினமும் இதேதான சொல்றீங்க. சரி, குடிச்சுக்கிட்டே சொல்லுங்க. பெட்டிய வித்துட்டு என்ன பண்ணப் போறீங்க?

— ஊருக்குள்ள ஒரு நிலவறை பாத்து வச்சிருக்கேன். ஈரம் இல்ல. நாலு சுவருக்கும் தரையில இருந்து கூரை வரைக்கும் அலமாரி அடிப்பேன். உன் வீட்டுக்காரன் பட்டறையில அறுநூறு வெல்வெட் மேல்சட்டை தச்சு வாங்கி அடுக்குவேன். முன்னாடி நின்னு போன்ல காட்டி விப்பேன்.

— அதென்ன அறுநூறு?

— அவ அலமாரியில நானூறு இருக்கு.

— எப்படித் தெரியும்?

— எண்ணினேன். வீடியோவுல அவ பின்னாடி தெரியுதுல்ல? ஒரு தட்டுக்கு இருபத்திரெண்டு மடிப்பு. பதினெட்டுத் தட்டு. ரெண்டு வருஷமா ஒண்ணு கூடக் கலையல. அவ்வளவு விக்கறா, அலமாரி குறையறதே இல்ல பாரு. அப்ப உள்ள இன்னும் எவ்வளவு வச்சிருப்பா.

— ஐயோ அக்கா.

— என்ன ஐயோ? சம்சா சூடா இருக்கா?

— நீங்க சூடா இருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றதக் கேளுங்க. போன்ல விக்கறதுக்கு நாலஞ்சு தினுசு இருக்கு. உங்க நிலவறை ஒரு தினுசு, சரக்க முதல்ல வாங்கி அடுக்கிட்டு அப்புறம் ஆளத் தேடறது. வசந்தத்துல எல்லாரும் வேற நிறம் கேட்டா அறுநூறையும் நீங்களும் நானும்தான் மாத்தி மாத்தி உடுத்தணும். பெரிய இணையதளத்துக்காரங்க கிட்ட சரக்க ஒப்படைக்கறதும் உண்டு. அவங்களே வித்து அவங்களே அனுப்புவாங்க, நம்ம லாபத்துல பாதிய அவங்களே தின்னுடுவாங்க. பிடிக்கலன்னு திரும்பி வர்றது மட்டும் நம்ம தலையில.

— அது வேண்டாம். என் துணிய எவனோ மடிக்கறதா?

— அதான் நான் சொல்றது முன்ஆர்டர். படம் காட்டுங்க. வேணுங்கறவங்க முன்பணம் அனுப்பட்டும். அன்னைக்கு எத்தனை பேர் கேட்டாங்களோ அத்தனை மட்டும் எடுத்து அனுப்புங்க. அலமாரியே வேண்டாம்.

— கையில இல்லாதத விக்கறதா? அதுக்குப் பேரு வியாபாரமா?

— சொன்ன நாள்ல சொன்ன துணி போய்ச் சேந்தா வியாபாரம்தான்.

— எல்நூரா அப்படியா பண்றா? அவகிட்ட அலமாரி இருக்கு.

— உங்களுக்கு வியாபாரம் வேணுமா, அலமாரி வேணுமா?

— அவ அலமாரிய விடப் பெரிய அலமாரி வேணும்.

— அப்ப நேராவே சொல்றேன். இந்தப் பெட்டிய நம்பித்தான் அங்க பட்டறையில ஏழு பொண்ணுங்க தைக்கறாங்க. என் வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. நீங்க இத வித்து அந்த அலமாரியில போட்டு, அது நகரலன்னா, ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துடும். உங்க பொறாமைக்கு என் பிள்ளைங்களும் சேந்து பட்டினி கிடக்கணுமா?

— பொறாமைன்னு சொல்லாத.

— வேற என்ன சொல்ல?

— வேற பேரு தெரியல. ஆனா அத சொல்லாத. ராத்திரி படுத்தா அவ பல்லு தெரியச் சிரிக்கறது தெரியுது.

— சரி, சொல்லல. கொண்டாங்க போன. நேத்து அவ போட்டதச் சத்தமா வச்சுக் கேப்போம், எப்படித்தான் விக்கறான்னு. ஏன் சத்தத்த அடைச்சு வச்சிருக்கீங்க?

— அவ குரல் கேட்டா எனக்கு நெஞ்சு எரியும். ஊமையாத்தான் பாப்பேன்.

— ரெண்டு வருஷமா ஊமையாவா பாத்தீங்க? இருங்க... கேக்குதா? ‘என் அக்காமார்களே, இந்த வெல்வெட்டத் தொட்டுப் பாக்க முடியாது, அதனால என் கன்னத்துல வச்சுக் காட்டறேன்.’ கெட்டிக்காரிதான்.

— நெஞ்சு எரியுதுன்னு சொன்னேன்.

— அடுத்தது கேளுங்க. ‘பொத்தான் எல்லாம் வெள்ளை, கடைசிப் பொத்தான் மட்டும் கறுப்பு. கண்ணு படாம இருக்க, எங்க கடையோட அடையாளம்.’ கீழ பாருங்க, எத்தனை பேர் ‘கறுப்புப் பொத்தான் வச்சது எனக்கும் வேணும்’னு எழுதியிருக்காங்க.

— என்ன சொன்ன? திருப்பிப் போடு.

— ‘கடைசிப் பொத்தான் மட்டும் கறுப்பு...’

— கொண்டா இங்க. என் மூக்குக் கண்ணாடி எங்க? ... பெர்மெத்.

— என்ன அக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— இது என் பொத்தான்.

— புரியல.

— மழைக்காலத்துல வெள்ளைப் பொத்தான் தீந்துபோச்சு. ஒரு நாப்பது சட்டைக்குக் கடைசியில கறுப்பு வச்சுத் தைன்னு உன் வீட்டுக்காரன்கிட்ட நான்தான் சொன்னேன். கஜாக் நாட்டு வியாபாரி பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சான். வெட்கத்துல மேல கொண்டு போய் ஒளிச்சு வச்சேன். அந்தத் தப்ப இவ கடை அடையாளங்கறா. என் தப்பக் கூட என்னை விட நல்லா விக்கறா.

— இருங்க, இருங்க. நம்ம பட்டறைத் துணி அவகிட்ட எப்படிப் போச்சு? அந்த நாப்பத யாருக்கு வித்தீங்க?

— யாரும் வாங்கல. ரஹாத் அம்மா மட்டும்தான். ‘கறுப்பு வச்சதாப் பாத்து எடு கண்ணு’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு.

— பச்சை முக்காடு போட்டுட்டு தினமும் முதல்ல வருமே, அந்தம்மாவா? நீங்க வாங்கின விலைக்கே குடுப்பீங்களே?

— முதல் போணிக்கு வர்ற ஆள விலை பேசி விரட்ட முடியுமா? அதுவும் கைராசிக்காரி. அவ பண நோட்ட வாங்கித் துணி மேலெல்லாம் தடவினா அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பத்து உருப்படி போகும். ‘மருமகளுக்கு வேணும்’னு சொல்லும். ஒரு நாள் பெரிய சைஸ், ஒரு நாள் சின்ன சைஸ். ஏழெட்டு மருமக இருக்கும்னு நெனச்சேன். என் பையன் வெளிநாட்டுல, கஸான்ல உக்காந்துட்டு ஒரு கல்யாணத்துக்குக் கூடத் தலையாட்ட மாட்டேங்கறான், இவளுக்கு வீடு நிறைய மருமகளான்னு அதுக்கும் வயித்தெரிச்சல் பட்டேன்.

— எல்நூராவக் கல்யாணம் கட்டிக் குடுத்தது எந்த வீட்டுக்கு?

— எனக்கு எப்படித் தெரியும்? பத்திரிகை அனுப்பினா. நான் போகல.

— இப்பத் தெரிஞ்சுடும். பச்சை முக்காடு வருது.

— பேசாம இரு. நான் பேசறேன்.

— சால்கின் கண்ணு, பனி வழுக்குது பாத்தியா, சுமைவண்டிக்காரன் என்னைத் தள்ளிவிடப் பாத்தான். இன்னைக்கு ஆறு குடு கண்ணு. நாலு நடு சைஸ், ரெண்டு பெரிசு. ஒண்ணாவது கறுப்புப் பொத்தான் மிச்சம் இருக்கா?

— இன்னைக்கு விலை ரெண்டு மடங்கு.

— போணி நேரத்துல விலை ஏத்தறியா? உன் வாயிலயா வருது?

— யாருக்கு வாங்கறீங்க ரஹாத் அம்மா?

— மருமகளுக்கு. தினமும் சொல்றேனே.

— மருமக பேரு?

— நீ இத்தனை நாள் கேக்கவே இல்லையே கண்ணு. எல்நூரா.

— வெட்கமில்லாம சொல்றீங்க.

— எதுக்கு வெட்கம்? திருடினேனா? நோட்ட நீட்டினேன், நீ வாங்கின. அவளே வரணும்னுதான் இருந்தா. ‘என்னைப் பாத்தா சால்கின் அக்கா கதவ அடைப்பாங்க, நீங்க போங்க அம்மா, முதல் ஆளாப் போங்க, முதல் ஆள அவங்க திருப்பி அனுப்ப மாட்டாங்க’ன்னா. உன்னை அவளுக்குத் தெரியாதா?

— திருப்பி அனுப்பறேன் பாருங்க. நில்லுங்க அந்தப் பக்கம். வேற யாராவது போணி பண்ணட்டும்.

— நிக்கறேன். எனக்கென்ன, கால் இருக்கு.

— அக்கா, அந்தம்மாவ உள்ள கூப்பிடுங்க. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல.

— ஆள் வரும்.

— நான் வெறும் கையோட போனா உனக்கு இன்னைக்குப் பூரா ஓடாது கண்ணு. எனக்கு அது கஷ்டமா இருக்கு. நான் சும்மாவா சொல்றேன்?

— உள்ள வாங்க ரஹாத் அம்மா, டீ குடிங்க. ஒண்ணு கேக்கறேன். அவகிட்ட அவ்வளவு பெரிய அலமாரி நிறையத் துணி இருக்கே, அப்புறம் எதுக்கு தினமும் நாலும் ஆறுமா வாங்கறீங்க?

— எந்த அலமாரி பெர்மெத்து?

— வீடியோவுல அவ பின்னாடி இருக்கே. பதினெட்டுத் தட்டு.

— அதுவா? அது படம்மா. சுவத்துல ஒட்டற காகிதம். என் மவன்தான் ஒட்டினான், ஓரத்துல ஒரு இடம் சுருங்கிக்கூட இருக்கும். எங்களுக்கு ஒரே அறை, துணி வைக்க எடம் ஏது? ராத்திரி எத்தனை பேர் கேட்டாங்களோ அத எழுதிக் குடுப்பா, காலையில நான் வந்து உன்கிட்ட எடுப்பேன், மத்தியானம் அஞ்சல்ல போயிடும்.

— அக்கா... சிரிக்கல, நான் சிரிக்கல. டீ புரையேறிடுச்சு.

— காகிதமா?

— காகிதம் கண்ணு. ஏன், உனக்கும் வேணுமா?

— நான் ரெண்டு வருஷமா காகிதத்த எண்ணியிருக்கேன்.

— கேட்டீங்களா அக்கா? முன்ஆர்டர். நான் சொன்னேன்ல?

— நீ வாய மூடு. ரஹாத் அம்மா, அவ சந்தோஷமா இருக்காளா? உண்மையச் சொல்லுங்க.

— எங்க கண்ணு? எண்பதாயிரம் பேர்ங்கறா, ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. ‘சால்கின் அக்காவுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு, ஜனம் வந்து துணியத் தடவிப் பாக்குது, டீ குடிக்குது, சண்டை போடுது, எனக்குக் காகிதச் சுவர்தான்’ம்பா. உன் பேரு வராத நாளே இல்ல எங்க வீட்டுல. பொறாமைதான், வேற என்ன.

— என் மேலயா?

— பின்ன என் மேலயா? சரி, போணி பண்ணப் போறியா, நான் கிளம்பட்டுமா? அதுக்கு முன்னாடி ஒண்ணு, கேட்டுட்டு வரச் சொன்னா. மேல ஏறற ஏணியில அந்த மூணாவது படி இன்னும் கோணலாவா இருக்கு?

— கோணல்தான். ஏன் ரஹாத் அம்மா? நீங்க மேல ஏறினதே இல்லையே.

— நான் எங்க ஏறப் போறேன் பெர்மெத்து? மத்தியானம் தரகரோட வரப்போறவ கேட்டா. பேரச் சொன்னா சால்கின் அக்கா விக்க மாட்டான்னு தரகர் வாயக் கட்டி வச்சிருக்கா. இந்தப் பெட்டிதான் வேணுமாம், வேற எதுவும் வேண்டாமாம். எல்லாச் சேமிப்பையும் எடுத்துட்டா. நான் உளறிட்டேன்னு சொல்லிடாத கண்ணு.

— அக்கா! நம்ம பெட்டிய வாங்க வர்றதே எல்நூராதானா?

— நோட்டக் குடுங்க ரஹாத் அம்மா.

— எந்த விலைக்கு?

— போணி விலைக்குத்தான். பழைய விலை. குடுங்க, துணியெல்லாம் தடவிட்டு வர்றேன்... ம். பெர்மெத், டீக்காரிக்குக் காசக் குடு. ஆறு சட்டை எடுத்துக் கட்டு, கறுப்புப் பொத்தான் மேல மூணு இருக்கு, படியப் பாத்து ஏறு. அப்புறம் தரகருக்குப் போன் போட்டுப் பெட்டி விக்கலன்னு சொல்லு.

— அப்ப எல்நூரா?

— அவ வரட்டும். தரகர் இல்லாம வரட்டும். இனி மேல் பெட்டியில நின்னு வீடியோ எடுக்கட்டும். ரஹாத் அம்மா, வரும்போது அந்த அலமாரிக் காகிதத்தக் கிழியாம உரிச்சு, சுருட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மேல் பெட்டிச் சுவத்துக்கு அது போதுமா, இல்ல இன்னும் ரெண்டு தட்டு சேத்து வாங்கணுமான்னு நானும் அவளும் அளந்து பாக்கணும்.