தென்மேற்கே தெரிந்த மலை

கொளிஞ்சிவலசு கால்நடை மருந்தகத்திலிருந்து இன்று பணி நிறைவு பெறும் மருத்துவர் வெங்கடலட்சுமி அம்மையார் அவர்களுக்கு, மருந்தகப் பணியாளர்களும் சுற்றுவட்டார மாட்டுக்காரர்களும் வாசித்தளிக்கும் அன்பு மடல்

நாள்: 31 மே 1996

வாயில்லா உயிர்களின் வலியறிந்த வள்ளலே, கிளுவை வேலிக்குள் கிடந்த எங்கள் சீமைக்குக் கிடைத்தற்கரிய கொடையே, காளைக்கும் கன்றுக்கும் கருணை காட்டிய கைராசிக்காரரே, வணக்கம்.

இந்த மூன்று அடைமொழிகளுக்கே தங்கள் முகம் சுருங்கியிருக்கும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் குணம் தங்களுக்கு உண்டு. அதனால், யாரோ ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்வதுபோல, 'அவர்' என்றே இம்மடலைச் சொல்லிக்கொண்டு போகிறோம். யாரைப் பற்றியோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

அவர் மேட்டுப்பாளையத்துக்காரர். பவானி ஆற்றின் குளிரிலும் பாக்குத் தோப்பின் நிழலிலும் வளர்ந்தவர். சன்னலைத் திறந்தால் நீலகிரி எதிரே நிற்கும் வீட்டில் பிறந்தவர். எழுபத்தெட்டாம் ஆண்டு தகரப்பெட்டியும் கையுமாகக் குண்டடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் கண்ணில் பட்டதெல்லாம் புல்லும் வேலியும் வானமும்தான். கூட்டிப்போக வந்த மருந்தக உதவியாளர் சுப்பண்ணனிடம், "ஊர் எங்கிருக்குதுங்க?" என்று கேட்டார். சுப்பண்ணன் நாலு பக்கமும் கையை வீசி, "இதுதானுங்க ஊரு" என்றார்.

அதில் பொய்யில்லை. எங்கள் சீமை அப்படிப்பட்டது. தெரு என்று ஒன்று இல்லை. அவரவர் காட்டுக்குள் அவரவர் வீடு. ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மழை குறைந்த இந்த மண்ணில் விதைத்து வீணாய்ப் போவதைவிடப் புல்லை நம்புவது மேல் என்று, எங்கள் முன்னோர் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் விட்டுவைத்தார்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். மாடுகள் மேய்ப்பவன் இல்லாமல் ராப்பகலாய் அதற்குள்ளேயே கிடக்கும். சிவப்பாய்ப் பிறந்த கன்று சாம்பல் பூத்த காளையாக நிமிர்வதைப் பார்ப்பதுதான் இங்கே பெரிய பொழுதுபோக்கு. மனிதரைவிட மாடு அதிகமான இந்த ஊருக்கு யாரும் மாற்றல் கேட்டு வந்ததில்லை. வந்தவரை மேலிடம் வசதியாக மறந்துவிடும். அவரையும் மறந்தது.

அவர் மறக்கவில்லை. வந்த வருடம் கார்த்திகையில், மழை கழுவிவிட்ட ஒரு மாலையில், மருந்தகத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றவர், பொழுது இறங்கும் பக்கம் நீலமாய் ஒரு கோடு கண்டார். முகம் மலர்ந்து கேட்டார். "சுப்பண்ணா, அது நீலகிரிதானுங்களே?"

அது ஆனைமலை. மாடு மேய்க்கும் எவருக்கும் இங்கே அது தெரியும். ஆனால் பெரியவங்க ஒன்றை ஆசையாய்க் கேட்டால், இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்து நாக்குக்கு வராது. சுப்பண்ணன் மலையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

சொன்ன ஆமாங்கவை எப்படித் திரும்ப வாங்குவது? ஒரே மாதத்தில் ஊர் முழுக்க அதில் பங்காளியாகிவிட்டது. மாட்டுக்கு ஊசி போட வந்தவர்களெல்லாம், "இன்னிக்கு உங்க மலை நல்லாத் தெரியுதுங்கம்மா" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவரும் வேலை முடிந்ததும் நாற்காலியைத் தூக்கிப் போட்டு, இருட்டும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். ஆண்டு தவறாமல் மேட்டுப்பாளையத்துக்கு மாற்றல் கேட்டு எழுதுவார். அங்கே அவருடைய அக்கா, தன் தங்கை வந்து தங்குவதற்கென்று ஓர் அறையைப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துக் காத்திருந்தார். அந்த அறையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய அதட்டல் குரல் மெலிந்துவிடும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் உத்தரவு வந்தது. மேட்டுப்பாளையமே கிடைத்தது. வந்த நேரம்தான் பொல்லாதது. இரண்டு வருடமாய் மழையில்லை. கொறங்காட்டில் புல்லின் வேர்கூட வெளுத்துக் கிடந்தது. இளவட்டங்கள் விடியலில் பனியன் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குப் போய்விட, வயசானவர்களும் எலும்பெடுத்த மாடுகளும் மிச்சம்.

அவர் பெட்டி கட்டிய காலையில் ராசாத்தாள் வந்தார். ஏழு மாட்டை வைத்துக்கொண்டு ஒண்டிக்கட்டையாய் வாழ்பவர். இருந்துவிடுங்கள் என்று கேட்க ராசாத்தாள் வரவில்லை, வழியனுப்பத்தான் வந்தார். "போயிட்டு வாங்கம்மா. மாட்டையெல்லாம் நாளைக்கு அடிமாட்டு லாரிக்கு ஏத்திப்போடலாமுன்னு இருக்கறனுங்க. நேத்தே வந்து கேட்டாங்க. நீங்க பஸ் ஏறட்டும், உங்க கண்ணுல பட வேண்டாமுன்னு நிறுத்தி வெச்சேனுங்க."

 டாக்டரம்மா, கட்டிய பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "மாடு எங்கிருக்குதுங்க, காட்டுங்க" என்று முன்னால் நடந்தார்.

அந்தக் கோடை முழுக்க அவர் டாக்டராக மட்டுமா இருந்தார்? அமராவதி வாய்க்கால் பாயும் ஊர்களில் தெரிந்தவர் தெரியாதவர் வாசலிலெல்லாம் நின்று, கரும்புத் தோகையும் வைக்கோலும் கேட்டு வாங்கி வண்டியேற்றினார். படுத்த மாடு எழாமல் விட்டால் போய்விடும் என்று, சாக்கை வயிற்றுக்கடியில் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கி நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஐப்பசியில் மழை இறங்கியபோது ராசாத்தாளின் ஏழில் நான்கு நின்றன. மேட்டுப்பாளையத்து நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அது பிறகு காலியாகவே இல்லை. அக்கா மட்டும் வெள்ளையடிப்பதை நிறுத்தவில்லை.

போன வாரம் சுப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சொந்த ஊருக்குப் போகிறவரைப் பொய்யோடு அனுப்பலாகாது என்று வேப்பமரத்தடிக்குப் போய், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அம்மா, அந்த மலைங்க... அது ஆனைமலைங்க."

"தெரியுமுங்க சுப்பண்ணா" என்றார் அவர். "வந்த ரெண்டாம் வருசம் உடுமலைக்கு ஒரு மீட்டிங் போனேன். போகப் போக அந்த மலை பெருசாயிட்டே வந்துது. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

"நீங்க அத்தனை பேரும் எனக்காகச் சொன்னதை எப்படிங்க இல்லைங்கறது?"

"பின்னே தெனமும் என்னத்தைங்க பாத்தீங்க?"

"மேகம் ஏறுதான்னு பாத்தேனுங்க. அங்க ஏறுனாத்தான நம்ம காட்டுக்குப் புல்லு."

சுப்பண்ணன் இதை எங்களிடம் சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். கேட்ட நாங்களும் அழுதோம். சொந்த மலைக்கு ஏங்குகிறார் என்று இத்தனை காலம் யாருக்காகப் பரிதாபப்பட்டோமோ, அவர் எங்கள் புல்லுக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா, இனித் தங்களிடமே பேசுகிறோம். வெள்ளையடித்த அறை காத்திருக்கிறது. போய் அக்காவின் கையால் சாப்பிடுங்கள். ஆற்றுக் காற்றில் மூட்டுவலி நீங்கி, நல்ல உறக்கமும் நிறைந்த ஆயுளுமாய் இருங்கள். சாயங்காலம் நாற்காலியைப் போட்டால் அசல் நீலகிரி எதிரே நிற்கும். அதைப் பார்த்து முடித்த ஏதோ ஒரு நாளில், நாற்காலியைத் தென்கிழக்கே திருப்பிப் போடத் தோன்றும். அந்தப் பக்கம் எங்களைக் காட்டிக்கொடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊரைத் தூரத்தில் இருந்தபடி பார்க்க முடியாது, வந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னும் சற்று நேரத்தில் பஸ் ஏறும்போது, "வாரேனுங்க" என்று சொல்வீர்கள். புறப்படுகிற எல்லோரும் சொல்வதுதான். தாங்கள் மட்டும் அதை மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம்.

என்றும் தங்களை எதிர்பார்த்திருக்கும்,
கால்நடை ஆய்வாளர் பாலகோபால், உதவியாளர் சுப்பண்ணன்,
மாட்டுக்காரர்கள் சார்பாக ராசாத்தாள் (கைநாட்டு)
கொளிஞ்சிவலசு